கிளட்சுக்கு ஏர் எடுத்த நாள்

புதன்கிழமை, ராத்திரி

நான் கிளட்ச் மேலேயே காலை வெச்சு ஓட்டறேன்னு எங்கூட்டுக்காரர் சொன்னதிலிருந்து மூணு நாளா நாங்க பேசிக்கலை. இன்னைக்குப் புதுச்சத்திரத்துல முட்டை எறக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தறப்போ பிக்கப் வண்டியோட கிளட்ச் பெடல் தரையோட படுத்துக்கிச்சு. அவர் அடியில புகுந்து கிளட்ச் சிலிண்டரைக் கழட்டினார். உள்ளே ரப்பர் பழசாகிக் கிழிஞ்சிருந்தது. என் கால் மேல தப்பே இல்லை! புது ரப்பரை மாட்டினார்.

ஆனா ஆயில் குழாய்க்குள்ள புகுந்த காத்தை வெளியேத்தி ஏர் எடுக்க ஒருத்தர் மேல உக்காந்து பெடலை மிதிக்கணும், ஒருத்தர் அடியில படுத்து நட்டைத் திறந்து மூடணும். பேசாம எப்படி?

"மிதி புள்ள... புடி... உடு."

"சரிங்க."

கொஞ்ச நேரத்துல பெடல் கெட்டியாயிருச்சு, ஏரெல்லாம் போயிருச்சு. நான் சொல்லலை. அடியில ஆயில்ல காத்துக் குமிழ் வர்றதும் நின்னிருக்கும். அவரும் சொல்லலை.

"இன்னொருக்கா மிதி புள்ள."

மறுபடி மறுபடி ஊத்தி, பாட்டில்ல ஆயில் தீர்ந்த பிறகுதான் நிறுத்தினோம்.