காலடியில் கப்பல்

மார்ச் பிறக்க ஐந்து நாள்

இன்று ரொட்டிக்கு ஒருவர் புதுக் காசு தந்தார். கடல் போரில் நம்மவர்கள் ஜெயித்ததற்காக அடித்த வெண்கலக் காசு. ஒரு பக்கம் சீசர் தலை, மறுபக்கம் இறக்கை வைத்த வெற்றித் தேவி. மாவுக் கையைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தேன். அதற்குள் ஃபிர்மஸ் அண்ணன் பிடுங்கிக்கொண்டான்.

மார்ச் பிறக்க மூன்று நாள்

மாமா படகில் வந்திருக்கிறார். ஆஸ்தியா துறைமுகத்தில் கப்பல் திருவிழாவாம். "ஒரு ஆளுக்குத்தான் இடமிருக்கு" என்றார். இன்னொருவர் அப்பாவோடு அடுப்பைப் பார்க்க வேண்டும். "நான் வரேன்!" என்றான் அண்ணன். எனக்கும் கடலைப் பார்க்க வேண்டும். அடுப்பில் ஆள் இல்லையென்று பள்ளியிலிருந்து நின்ற நாள் முதல் இந்தத் தெருவைத் தாண்டியதில்லை. ஆனால் கேட்காமல் மாவு பிசையப் போய்விட்டேன்.

மார்ச் பிறக்க ஒரு நாள்

நாளை கேட்டுவிடுவேன்.

மார்ச் முதல் நாள்

கேட்கவில்லை.

மார்ச் இரண்டாம் நாள்

அவசரமாக எழுதுகிறேன், மெழுகுப் பலகையில் எழுத்து கோணலாக விழுகிறது.

காலையில் மாமாவே கேட்டார்: "டெர்டுல்லா, உனக்கு ஆசையில்லையாடி?" இருக்கிறது என்று தலையாட்டினேன். "அப்போ சுண்டிப் பாத்துடலாம். தலையா, கப்பலா?"

"தலை!" என்றான் அண்ணன். எப்போதும் அவனுக்குத்தான் தலை.

மாமா அந்தப் புதுக் காசைச் சுண்டினார். தேவி பக்கம் விழுந்தது. எனக்குத்தான்!

"செல்லாது!" என்றான். "கப்பல் எங்க இருக்கு? இறக்கை வச்ச பொம்பளைதான் இருக்கா."

"ஏண்டா, இப்ப எந்தக் காசுலடா கப்பல் இருக்கு? பழைய காசுல இருந்துச்சு, இப்ப சும்மா சொல்றதுதானே!" என்றார் மாமா. ரொட்டி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா வழக்கம்போல் அவன் பக்கம். "சரி, மறுபடி சுண்டு."

மறுபடியா? ஏன்? என்னிடமிருந்து எப்படி அவ்வளவு சத்தம் வந்ததோ— "அவ காலடியில பாருங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். ஓடிப்போய் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளியலாம் போலிருந்தது. ஒளியவில்லை. "கப்பல் மூக்குமேலதான் நிக்கிறா."

மாமா காசை வெளிச்சத்தில் பிடித்தார். "அட! என் படகைவிட நல்ல மூக்கு!"

அண்ணன் முகம் சிவந்து, பிறகு சிரித்துவிட்டான். "இவ்ளோ குரல எங்கடி வச்சிருந்த? போ, உப்புத் தண்ணி குடிச்சுட்டு வா."

மார்ச் ஐந்தாம் நாள், ஆஸ்தியா

கடல் இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. பூ சுற்றிய கப்பலைத் தண்ணீரில் தள்ளிவிட்டபோது நானும் கத்தினேன்.

அண்ணனுக்குச் சிப்பி பொறுக்கியாயிற்று. பொரித்த மீன் விற்பவளிடம் மெல்லக் கேட்டேன். "காதுல விழலம்மா, சத்தமா சொல்லு!" என்றாள்.

சொன்னேன். இரண்டு மீன், நன்றாக முறுகலாக.