பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது

அனுப்புநர்:
மா. தாட்சாயினி,
சென்ட் லோரன்ட், மொன்றியல்.

பெறுநர்:
திரு. குணரத்தினம் அவர்கள்,
தலைவர், அம்பாள் ஆலய நிர்வாக சபை,
மொன்றியல்.

விடயம்: ஆடிப்பூரத்தன்று என் சித்தியின் கையிலிருந்து தட்டைப் பறித்தது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

ஆடிப்பூரத்துக்குப் பலகாரத் தட்டு எடுக்கும் பெண்களின் பட்டியல் செருப்பு வைக்கும் அறையில் ஒட்டப்பட்டிருந்தது. பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததைக் கண்டேன். என் பெயருக்கு, "திகதி கேட்கவும்". அம்மாவுக்கு, "நின்றுவிட்டது, சமையல்". சித்தி சுதாஜினிக்கு, "பிள்ளை தங்கவில்லை, தட்டு வேண்டாம்". அதைச் சித்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1. எனக்குப் பதினேழு வயது. படிப்பை இடையில் விட்டு, மருந்துப் பெட்டிகள் அடுக்கும் வேலைக்குப் போகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அருச்சனைச் சீட்டுக்கு ஆண்கள் வரிசையில் நிற்கும்போது, தொண்டர் பொறுப்பாளர் திருமதி புஷ்பராணி, "பிள்ளை, உமக்கு மாசத்துடக்கு எத்தினையாம் திகதி?" என்று உரத்துக் கேட்டார். குனிந்தபடி பதில் சொன்னேன். சொன்னதற்காக இன்றும் என்மேலேயே எனக்குக் கோபம்.

2. அம்மாவிடம், "உமக்கென்ன கௌரி, எல்லாம் நிண்டிட்டுது. இனி நீரும் எங்களை மாதிரிக் கிழவிதான். அடுப்படியைப் பாரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

3. போன மார்கழியில், கருவுற்ற ஏழாம் மாதத்தில், சித்தியின் குழந்தை இறந்து பிறந்தது. ஆடிப்பூரத்துக்காக அவர் இரண்டு நாள் லீவு எடுத்து, சீனி அரியதரப் பலகாரம் சுட்டு, தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்துத் திருமதி புஷ்பராணி தட்டைப் பறித்து இன்னொருவரிடம் கொடுத்தார். "குறை நினையாதையும். அம்மாள் சாமத்தியப்பட்ட நாள். இண்டைக்கு உம்மட கை வேண்டாம்" என்றார்.

ஐயா, அந்தக் கை வேண்டாம், அந்தக் கை சுட்ட அரியதரம் மட்டும் வேண்டுமா? அம்பாள் பூப்பெய்தியதற்கு மேளம் அடிக்கிறீர்கள். எங்களுக்கு வந்தால் துடக்கு. பிள்ளை தங்காவிட்டால் ராசியில்லை. நின்றுவிட்டால் அடுப்படி. நாங்கள் எந்த வயதில்தான் வாசலுக்கு வருவது?

எல்லோர் முன்னாலும் பறித்தபடியால், வரும் வெள்ளிக்கிழமைப் பூசையில் எல்லோர் முன்னாலும் திருமதி புஷ்பராணியைச் சித்தியிடம் மன்னிப்புக் கேட்கச் செய்யுமாறும், பெண்களிடம் இவ்விவரங்களைக் கேட்பதை நிறுத்துமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

4. நான் தட்டைக் களவெடுத்ததாகத் தங்கள் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். அது எங்கள் வீட்டுத் தட்டு. வைத்திருந்தவரின் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கினேன். சித்தியைப் பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நின்றவர்களுக்குச் சித்தி தன் கையால் அரியதரத்தை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிக்கும்வரை, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மா. தாட்சாயினி

இடம்: மொன்றியல்
திகதி: 03.08.2025