வழிகாட்டிப் பதிவேடு, பக்கம் நாலு

18-1-83, செவ்வாய்

பனி. பத்து மணி வரை எதிர்மலை தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்து முதல் நாள், பாதி வகுப்பு காலி. சளி விடவில்லை.

எச்.எம். கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்பு செல்வி கடுக்காய் லாரியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது மேலிடம் வரை போய்விட்டதாம். மூன்றாவது வளைவில் லாரி ஏறத் திணறும்போது பெண்கள் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொள்கிறார்கள். இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரியும். எச்.எம்.முக்கு இன்றுதான் தெரிகிறது.

"நீங்கதான டீச்சர் வேலூர்ல மூணு நாள் டிரெய்னிங் போய்ட்டு வந்தீங்க? நீங்களே புத்தி சொல்லுங்க."

ஆக, நான் வழிகாட்டி ஆசிரியை. பயிற்சியில் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். கேள். கண்டிக்காதே. பதிவு செய்.

போளூரில் வாங்க: மண்ணெண்ணெய், சிவப்பு மை, தலைவலித் தைலம், நீள நோட்டு 1.

20-1, வியாழன்

நோட்டு வந்தது. சிவப்பு மையில் கட்டம் போட்டேன். பெயர், வகுப்பு, தவறான நடத்தை, காரணம், முடிவு. என் கையெழுத்துக்கு நன்றாகவே இருந்தது. அதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

இன்று மூன்று பேர். மூவரும் "இனிமே ஏற மாட்டோம் டீச்சர்." பொய். எழுதிக்கொண்டேன்.

மதியம் சாமைச் சோறு, வாயெல்லாம் கல்.

21-1, வெள்ளி

பூங்காவனம், பத்தாம் வகுப்பு. அவள் ஊரிலிருந்து பத்தாவது எழுதப்போகும் முதல் பெண். கணக்கில் எழுபதுக்குக் குறையமாட்டாள். இவளுமா லாரி ஏறுகிறாள் என்று கோபம்தான் வந்தது. கண்டிக்கவில்லை. கேட்டேன்.

"பஸ்ஸு மூணு மணிக்கே போய்டுது. ஸ்கூலு வுடுறது நாலே கால். நடந்து போனா ஓடையாண்ட சாராயம் காய்ச்சுறாங்க டீச்சர். முனுசாமி ஆளுங்க. குடிச்சிட்டுக் கையப் புடிச்சி இழுக்கறாங்க. லாரில இருந்து வுழுந்தா கைதான ஒடியும்?"

முனுசாமி எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்."

சொல்லமாட்டேன் என்றேன். அவள் போன பிறகு பக்கம் நாலில் எழுதினேன். ஓடை, பெயர், எல்லாம். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்ததே.

25-1, செவ்வாய்

சாப்பிடவில்லை.

மாத முடிவில் எல்லாப் பதிவேட்டிலும் தலைவர் கையெழுத்து வாங்குவது இந்தப் பள்ளி வழக்கம். மதிய உணவு, வருகை, விளையாட்டுச் சாமான். நாளைக் கொடியேற்றத்துக்கு அவரை அழைக்கப் போன எச்.எம்., கையோடு என் நோட்டையும் பதிவேட்டுக் கட்டில் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார். என்னிடம் கேட்கவில்லை. மேசை மேல்தானே வைத்திருந்தேன்.

"படிச்சாரா சார்?"

"படிக்காம கையெழுத்துப் போடுவாரா?"

26-1, புதன்

முனுசாமி கொடி ஏற்றினார். வெள்ளைச் சட்டை. ஒழுக்கம்தான் பெண்பிள்ளைக்குச் சொத்து என்று கால் மணி நேரம் பேசினார். "லாரி டிரைவருங்களோட ஊர் சுத்துற பொண்ணுங்க இந்தப் பள்ளிக்கூடத்துலயே இருக்குது" என்றார். பெயர் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வரிசையைப் பார்த்தார், போதாதா? எச்.எம். கை தட்டினார். ஆசிரியர்கள் தட்டினார்கள். நானும் தட்டினேன். எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

பூங்காவனம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்.

28-1, வெள்ளி

இரண்டு நாளாக அவள் வரவில்லை. அப்பா வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். "பொண்ணு ஊரு வாயில வுழுந்துடுச்சிங்க. இனிமே பட்ச்சி இன்னா பண்றது? செங்கத்துல ஒரு எடம் கேக்குறாங்க, குடுத்துடலாம்னு."

பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை என்றேன். எச்.எம். குறுக்கே, "வுடுங்க டீச்சர், குடும்ப விஷயம்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

29-1, சனி

பூங்காவனம் வீட்டுக்கு நடந்தே போனேன், ஓடை வழியாக. புகை, சாராய ஊறல் நாற்றம், பட்டப்பகலில் நாலு பேர். ஒருவன் எழுந்து வந்து என் குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டீச்சரம்மா, நோட்டு எடுத்தாரலையா?" குடையை விட்டுவிட்டு ஓடினேன். நாற்பத்தொரு வயதில்.

பூங்காவனம் வெளியே வரவில்லை. பரீட்சை மட்டும் எழுதிவிடு, என்னோடு வந்து தங்கிக்கொள் என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். உள்ளேயிருந்து குரல்:

"இதையும் எழுதிக்கோங்க டீச்சர்."

30-1, ஞாயிறு

மலைக்குக் கீழே மாதா கோயிலில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். எந்தச் சாமியாரும் கையில் நோட்டு வைத்துக்கொண்டு கேட்டதில்லை. எட்டு வயதிலிருந்து முழங்கால் போட்டவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே. தூ.

4-2, வெள்ளி

வெயில். கல்வி அதிகாரி வந்தார். காப்பி, பக்கோடா. பதிவேட்டைப் புரட்டி, கட்டம் போட்ட அழகைப் பாராட்டினார். மற்றப் பள்ளிகளுக்கும் காட்ட வேண்டுமாம். பக்கம் நாலில் 'முடிவு' காலியாக இருக்கிறதே என்றார். எச்.எம். சொல்லச் சொல்ல எழுதினேன்: மாணவி இப்போது லாரியில் ஏறுவதில்லை.

பொய்யில்லை. செங்கத்து இடத்தோடு அவளுக்கு நிச்சயதார்த்தம் நேற்று முடிந்துவிட்டது.

மாலை நாலரைக்குச் செல்வி வந்தாள், மாவுக்கட்டோடு. "டீச்சர், உங்ககிட்டத் தனியா ஒண்ணு சொல்லணும்."

என்னிடம் சொல்லாதே, போ என்றேன்.

நல்ல கையால் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது வளைவுப் பக்கம் நடந்தாள்.