பற்றவைக்காத மோதிரம்

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் சொல்லி எழுத இன்னும் கை வரவில்லை. போனில் சொன்னால் சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நிச்சயதார்த்த மோதிரம் பிளாட்டினத்தில் இருக்கட்டும், ஆயுசுக்கும் தேயாது என்றீர்கள். உங்கள் அம்மா ஒரு சவரனில் கெட்டித் தங்கம் கேட்கிறார். இரண்டும் வேண்டாமே. நீங்கள் அரக்கோணத்தில் நாள் முழுக்க ரயில் வேகன் மேல் ஏறி இறங்குகிறவர்.

இன்று மலைப்படி அருகே இருக்கும் நகை ஆசாரியிடம் போனேன். இழுபட்டால் தானே விரிந்துகொள்கிற மோதிரம் எதில் வரும் என்று கேட்டேன்.

"எல்லாரும் கெட்டியா கேக்குறாங்க, நீ இன்னாம்மா இப்படிக் கேக்குற?" என்றார்.

கடைசியில் மெல்லிய வெள்ளிக் கம்பியில், அடிப்பக்கம் பற்றவைக்காமல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். வெள்ளி கறுக்குமாம். கறுக்கட்டும். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கோயிலில் தட்டு மாற்றும்போது நைனா இடது கையைத்தான் நீட்டுவார். மரியாதை தெரியாதவர் என்று உங்கள் வீட்டில் யாரும் நினைத்துவிடக் கூடாது. பெண் பார்க்க வந்த அன்றும் வலது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் நைனா லாரியில் கரும்பு ஏற்றிவிட்டு மேலிருந்து குதித்தார். மோதிரம் கொக்கியில் மாட்டிக்கொண்டது.

அது கெட்டித் தங்கம். இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. கொஞ்சம்கூட வளையவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பத்து விரலும் வேண்டும் என்கிறவள்