அந்த வீடியோவைத் திறப்பதற்கு முன்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீ நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எனக்குப் பொழுது விடிகிறது, அப்படியே இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன் நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினால் பாதி பொய், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று உனக்கு முதலில் பக்கென்று இருக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் படிக்காதே, லீவு நாளில் உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்று மூன்று நாள் பார்த்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் பொய்தான் வருகிறது, பழகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டை விற்க நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த தரகர் போன செவ்வாய்க்கிழமை வந்தார், கூட ஒரு கேமராப் பெண். முக்காலி மேல் உருண்டையாக ஒரு கேமரா வைத்திருக்கிறாள், அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, சுற்றிலும் கண். அறை நடுவில் அதை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லாரும் அடுத்த அறைக்கு ஓடி ஒளிய வேண்டும், ஒரு முந்தானை நுனிகூடத் தெரியக் கூடாது. எதிர்வீட்டு அக்கா சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், முட்டி வலியோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்னோடு ஒடுங்கி நின்றுகொண்டு, இந்த வயசுல கண்ணாமூச்சி ஆட வச்சிட்டாளேடி உன் மக என்றாள். அப்பா போன இந்த நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன், சிரித்த கையோடு உனக்கென்னடி சிரிப்பு என்று நெஞ்சில் குத்தியது. தரகர் சுவரில் இருந்த படமெல்லாம் கழற்றச் சொன்னார், வீட்டுக்காரங்க மூஞ்சி இருக்கக் கூடாதும்மா, பாக்கறவங்களுக்கு இது நம்ம வீடுன்னு தோணணும் என்றார். சமையல் மேடையில் ஒரு தம்ளர் வைக்கவிடவில்லை, அப்ப இந்த வீட்டுல யாரு சமைக்கிறது, பேயா என்று அக்கா கேட்டாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் அவரே ஆள் வைத்துச் சரி செய்துவிட்டார், அதைப் பற்றி இனி நீ கவலைப்படாதே. கடல் தாண்டி இருக்கிறவர்கள்கூட விரலால் தள்ளித் தள்ளி வாசலிலிருந்து பின்கதவு வரை நடந்து பார்க்கலாமாம், திரும்பினால் பின்சுவர் தெரியுமாம், அண்ணாந்தால் மின்விசிறி தெரியுமாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, அடுத்து அவர்கள் போனது அப்பா உட்கார்ந்து உன்னோடு பேசுகிற அந்தப் பக்கத்து அறைக்கு.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு அந்த அறையில் உனக்குத் தெரிந்ததெல்லாம் நீலச் சுவரும் அதன் முன்னால் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவும்தான். மகளே, அந்த அறைக்கு இன்னும் மூன்று சுவர் இருக்கிறது. பக்கச் சுவர் நெடுக இரும்புக் கம்பி அடித்திருக்கிறது, அவர் பிடித்து எழுந்திருக்க. குளியலறைக்குப் போகிற கதவைக் கழற்றியாகிவிட்டது, சக்கர நாற்காலி நுழையவில்லை. நாற்காலி போய் வந்து தரையெல்லாம் கீறல். அப்பா திடீரென்று போகவில்லை. எட்டு மாதம் அந்த அறையில் கிடந்தார். முதுகுத்தண்டில் கட்டி என்றார்கள், முதலில் ஒரு கால் மரத்தது, அப்புறம் இரண்டும். தூக்கத்தில் போனார் என்று உனக்குச் சொன்னது நிஜம், திடீரென்று போனார் என்றதுதான் பொய். காரியத்துக்கும் நீ லீவு கிடைக்காமல் போனிலேயே பார்த்ததால் இந்த அறை உன் கண்ணில் படாமலே போயிற்று.

அவர்தான் சொல்லக் கூடாது என்றார். உனக்கு அங்கே வேலையில் முதல் வருஷம், நடுவில் வந்தால் திரும்பச் சேர்க்க மாட்டார்கள் என்று நீதானே சொல்லியிருந்தாய். அவ ஓடி வந்துடுவா, இத்தனை வருஷம் படிச்சது வீணாப்போகும், வருஷம் முடியட்டும் நானே சொல்லிக்கிறேன் என்றார். வருஷம் முடியவில்லை, அதற்குள் அவர் முடிந்துவிட்டார். நீ போன் செய்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முகம் துடைத்து, மேலே சட்டை மாட்டி, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார வைப்பேன். போன் வைக்க மேசையில் பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன், ஒரு விரல் தள்ளினால் கம்பி தெரிந்துவிடும். நீ நர்ஸ், ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாய் என்று அவருக்குப் பயம். ஒரு தடவை நீ கேட்டாய் நினைவிருக்கிறதா, ஏம்ப்பா எப்பப் பார்த்தாலும் இந்த மூலையிலேயே இருக்கீங்க என்று. இங்கதான்டி சிக்னல் வருது, மத்த எடத்துலயெல்லாம் உங்கம்மா குரல்தான் வருது என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். போனை வைத்ததும் அவருக்கு வேர்த்து ஊற்றும், அரை மணிப் பேச்சுக்கு அரை நாள் கண்ணை மூடிக் கிடப்பார், கிடந்துகொண்டே, என் மக மூஞ்சியைப் பாத்தியா, தெளிவா இருக்கா இல்ல என்பார்.

அன்றைக்குத் தரகர் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு, வியாதிக்காரங்க இருந்த ரூம்னு தெரிஞ்சா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்கம்மா என்றார். நான் பிடுங்க ஆள் தேட வேண்டுமே என்று முழித்தேன். கேமராப் பெண், எதுக்கு ஆன்ட்டி, நான் கம்ப்யூட்டர்லயே அழிச்சிடறேன் என்று சொல்லி அங்கேயே செய்து காட்டினாள். இரண்டு தேய்ப்பு, கம்பி இல்லை. கதவு இருந்த இடத்தில் கதவு வந்துவிட்டது. தரை பளபளவென்று ஆகிவிட்டது. உன்னிடம் இனி மறைக்க மாட்டேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தப்பித்தோம், இனி அவளுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். சாயங்காலம் நீ பேசினாய். வீடியோ வந்ததும் முதல்ல அப்பா உக்காந்து பேசுவாரே அந்த மூலையைத்தான்மா பாக்கப் போறேன் என்றாய். அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எட்டு மாதம் அந்தக் கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது, அந்த மனிதன் கஷ்டப்படவே இல்லை என்று உனக்குப் படம் காட்ட என்னால் முடியாது.

மறுநாள் தரகருக்குப் போன் செய்து, அழித்ததையெல்லாம் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். மனிதர் குதித்தார். ஊரே இல்லாததைச் சேர்த்துக் காட்டுது, நீங்க இருக்கறதைக் காட்டணும்னு நிக்கறீங்களே என்றார். வாங்குறவங்க வீட்டுலயும் ஒரு நாள் யாராவது விழத்தான் போறாங்க, அப்ப அந்தக் கம்பி ஒதவும், நேர்ல வந்து கதவில்லாத குளியலறையைப் பாத்துட்டு என்னைப் பொய்க்காரின்னு சொல்ல வேண்டாம் என்றேன். அப்ப வெலையைக் கொறைச்சுக் கேட்டா என் தலையைப் பிடிக்கக் கூடாது என்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். மாதக் கடைசியில் வீடியோவை உனக்கு அனுப்பிவிடுவார், அதற்குமேல் பொறுக்க மாட்டாராம், யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். இந்தக் கடுதாசி அதற்குள் வந்து சேர வேண்டுமே என்று தபாலாபீசில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வந்துவிடும் பாட்டி என்றான் அங்கிருந்த பையன், இவனுக்கு நான் பாட்டியாம்.

கோபம் வரும். வரட்டும், திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் காத்திருப்பேன். எனக்கு அந்தப் பயம்கூடப் பெரிதில்லை. இன்னொன்று இருக்கிறது, எதிர்வீட்டு அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. கடைசி மாதம் அவர் குதிகாலிலும் இடுப்பிலும் புண் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத்தான் போட்டேன், திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன் ஒரு விரல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், அப்படிச் செய்யாதேம்மா இப்படிச் செய் என்று நீ சொல்லியிருப்பாய். உன் பிழைப்பே அதுதானே. அவர் பேச்சைக் கேட்டேனா, அவர் ஆயுசைக் குறைத்தேனா என்று தெரியாமல் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். டாக்டரைக் கேட்டால், எல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்கம்மா என்கிறார், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாராயிருக்கும்.

அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு அதில் தேதியைத் தவிர ஒன்றும் புரியாது. உனக்குப் புரியும். முழுதும் படி. உனக்குத் தெரிந்திருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று அதில் இருந்தால், இருந்திருப்பார் என்றே எனக்குச் சொல். அம்மா பாவம், தாங்க மாட்டாள் என்று மாற்றிச் சொல்லிவிடாதே. அப்படித்தான் நாங்கள் உன்னை நினைத்தோம்.

இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, ராத்திரி வேலை என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. நீ எடுத்த காரியம் ஜெயிக்கட்டும், உன் கை பட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும். காகிதத்தைப் படித்துவிட்டுக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா