தவிலுக்குக் கப்பல் கிடையாது

அண்ணே,

இன்று கிள்ளான் கோயில் தலைவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பன்னீர் தெளித்தார்கள். மேலே விழுந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். மலாயாவில் ரப்பர் விலை மறுபடி ஏறிவிட்டதாம், திருவிழாவைப் பழையபடி பத்து நாளும் நடத்தப் போகிறார்களாம். நாகசுரத்துக்கு நான்தான் வேண்டுமாம். "ஒங்க தவில்காரரையும் கூட்டிட்டு வாங்க. அந்தக் கை இங்க யாருக்கு இருக்கு?" என்றார். நீங்கள் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஓர் அனுதாபச் சொல் வருவதைக் கேட்க எனக்குச் சகிக்காது. ஆனாலும் வாசிக்க வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வயிறு இருக்கிறதே, வெட்கங்கெட்ட வயிறு.

விலை விழுந்தபோது இதே மனிதர் முதலில் வெட்டியது மேளத்தைத்தான். வெள்ளைக்காரத் துரைக்கு மாலை நிற்கவில்லை, வாணவேடிக்கை நிற்கவில்லை, நம் சம்பளம் மட்டும் வீண் செலவாகிவிட்டது. ஆனால் வாசிக்கக் கூப்பிடுவதை மட்டும் அவர் விடவில்லை. "சாமி காரியம்லா, இதுக்குப் போய்க் கேப்பீங்களா?" என்று சந்தனம் பூசி அனுப்புவார். பிரிக்பீல்ட்ஸில் நாம் தங்கியிருந்த அறைக்குத் திரும்பும் வழியில் அதைத் துடைத்துக்கொண்டே, "இதக் கரைச்சுக் குடிச்சா பசி அடங்குமா தம்பி?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் உங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பதாகக் கடிதம் வந்தது. எப்படியாவது ஊருக்குப் போய்விட வேண்டும் என்று துடித்தீர்கள். வேலை போன தோட்டத்து ஆட்களைச் சர்க்கார் இலவசமாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அந்த ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றோம்.

என்ன வேலை என்று மேசையில் பேர் எழுதிக்கொண்டிருந்த கிராணி கேட்டார். தவில் என்றீர்கள்.

"தவிலுக்குக் கப்பல் கிடையாது. தோட்டக் கூலின்னா எழுதுறேன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான்தான் முந்திக்கொண்டு, "ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுறவருங்க, எழுதிக்குங்க," என்றேன். கிராணி நம்பாமல் உங்கள் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடம் தவில் கழி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. "ஆமா, கத்தி புடிச்ச கைதான்," என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தீர்கள். கூலிக்காரன் தவிலோடு கப்பலேறினால் சந்தேகம் வரும் என்று அதை விட்டுவிட்டுப் போகச் சொன்னதும் நான்தான். தலைவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். அந்த இரண்டு புத்திமதியை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. தவில் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வேறு யாரையும் தொட விட்டதில்லை.

நீங்கள் போய் நான்கு மாதம் கழித்து அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. பேரன் பிறந்திருக்கிறானாம். கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்த ஒருவரைக் கடலில் விட்டுவிட்டதாக ஊருக்கு ஒரு தாள் வந்ததாம். அதில் உங்கள் பெயரும் ஊரும் இருந்தனவாம், தொழில் தோட்டக் கூலி என்று போட்டிருந்ததாம். அதற்குக் கீழே அண்ணி சொன்னதை யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள்:

"இதே பேர்ல நம்ம ஊர்லேருந்து நாலு பேரு மலாயா போயிருக்காங்க. பாவம், யாரு பெத்த புள்ளையோ. எங்க வீட்டுக்காரரு தவில்காரரு, கத்தியத் தொட மாட்டாரு. இப்ப எந்தக் கோயில்ல வாசிக்கிறாருன்னு ஒரு வரி எழுதுங்க தம்பி."

இரண்டு வருடமாகிறது அண்ணே. அண்ணி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாராம். நான் இன்னும் அந்த ஒரு வரியை எழுதவில்லை.