பீப்பாயில் இருந்தது என்ன?

ஹல்துமுல்லை
9 ஜூன் 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். பொலிஸில் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி நிம்மதியாக மூச்சு விட்டு மீதியைப் படியுங்கள்.

குவைத்தில் உங்களுக்கு அடுத்த தெருவில் வேலை செய்யும் பெரியாயி சித்தியின் மகள், "ஒங்க வீட்டுக்காரரு மறுபடியும் கசிப்புச் சாராயம் காய்ச்சி மாட்டிக்கிட்டாரு" என்று சொல்லியிருப்பாள். அவளுக்குப் போன் போட்டுச் சொன்னதைச் சித்தியே என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஜீப் வந்தது உண்மை. பீப்பாயைத் திறந்ததும் லயத்து வரிசை வீடெல்லாம் மூக்கைப் பொத்தியது உண்மை. உள்ளே இருந்ததோ மீன் தீனிக்குப் புளிக்க வைத்த பழத் தோல்!

நான் வேலை செய்யும் ஜாம் தொழிற்சாலையில் அன்னாசித் தோலும் மாம்பழத் தோலும் பப்பாளிக் கழிவும் தினமும் மலையாய்க் குவியும். அதை ஓடையில் தள்ளுவார்கள். கீழ் லயத்துச் சனம் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீரை. கேட்டதற்கு மனேஜர், "அவ்வளவு அக்கறைன்னா நீயே அள்ளிட்டுப் போ" என்று கேலி பேசினார். அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன், சாக்கில் கட்டி, தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றி.

பழைய நாற்றுமேடைக்குக் கீழே பாசி பிடித்துக் கிடந்த குளம் ஞாபகம் இருக்கிறதா? அதில் திலாப்பியாக் குஞ்சுகளை விட்டிருக்கிறோம். தோட்டத்துத் துரை வாயால் சரி என்றார், எழுதித் தரவில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்தும் ஒரு குட்டைக்குக்கூட நம் பெயரில் காகிதம் இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைத் தீனி நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தோலைப் பச்சையாகவே குளத்தில் கொட்டினேன். தண்ணீர் கெட்டு, பாதிக் குஞ்சுகள் செத்து மிதந்தன. நான் உட்கார்ந்து அழுதேன். அப்பாதான், "பீப்பாயில அமுக்கி, காத்துப் போகாம மூடி வச்சுப் பாப்பமா புள்ள?" என்றார். அவர் அதை எங்கே கற்றார் என்று உங்களுக்கே தெரியும். நம் குடியைக் கெடுத்த வித்தை இப்போதாவது சோறு போடட்டும்.

புளித்த தோலைக் காயவைத்து இடித்து, தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கருவாட்டுத் தலைத் தூள் எல்லாம் சேர்த்து அவித்து, உங்கள் இடியப்ப உரலில் பிழிந்து, தகரக் கூரையில் உலர்த்துகிறோம். உரலுக்காக என்னைத் திட்டாதீர்கள். மீன்கள் அதற்கு முட்டி மோதுவதை நீங்கள் பார்க்க வேண்டும்!

போன செவ்வாய்க்கிழமை காலை, பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிற சனம் முழுக்கப் பார்க்க, பொலிஸ் சார்ஜன் ஜீப்பில் குளத்தடிக்கு வந்து பீப்பாயைத் திறந்தார். காய்ச்சுகிற அடுப்பும் இல்லை, குழாயும் இல்லை. அந்த வாடை ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. அப்பா பழகிய ஆள் மாதிரி தானாகவே ஜீப்பில் ஏறப் போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குத்தான், சேர், அந்தத் தோலு!" என்று கத்திக்கொண்டு, காய்ந்த தீனியை இரண்டு கையாலும் அள்ளிக் குளத்தில் எறிந்தேன். தண்ணீர் அப்படியே கொதித்தது அம்மா! மீன்கள் வெள்ளி வெள்ளியாய்த் துள்ளின. "மீனுக்கும் கசிப்புப் பழக்கமா?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியாயி சித்தி, "எனக்கு அப்பவே தெரியும், வீரசிங்கம் அண்ணன் திருந்திட்டாருன்னு" என்றார். பொலிஸுக்குத் தகவல் கொடுத்ததே அவர்தான்.

சார்ஜன் மன்னிப்புக் கேட்கவில்லை. மீன் கேட்டார். கொடுத்தோம். வேறென்ன செய்ய?

நேற்று முதல் தடவையாக வலை போட்டோம். லயம் முழுக்க மீன் குழம்பு மணந்தது. அப்புத்தளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானா இனி வாராவாரம் வேண்டும் என்கிறார்.

அப்பா குடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். பொய் எழுத மாட்டேன். சம்பள நாளன்று குடித்தார். ஆனால் மறுநாள் விடியும்போது தீனி வாளியோடு குளத்தடியில் நின்றார். அவர் அப்படி எதற்காகவும் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆவணியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. மேடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்பாள். போடாதீர்கள். அங்கே யார் யாருடைய பிள்ளைகளையோ குளிப்பாட்டியது போதும்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். நேற்று வலையில் வந்ததிலேயே பெரிய மீனை மொஹிதீன் நானா கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. மெதுவாகத் தூக்கித் திரும்பவும் தண்ணீரில் விட்டார். யாருக்கு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "ஆவணி வரைக்கும் வளரட்டும்" என்றார்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும் மகள்,
சிவசக்தி